காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள்

இசைவாணியிடம் நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் என் மகள் விஷயத்தில். எட்டு மாதக் கர்ப்பிணியான ஃபஹ்மிதா காய்ச்சலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எப்போது ஆரம்பித்தது என்று இசைவாணி கேட்கிறாள். நான் நாளைக் குறைத்துச் சொல்கிறேன். முப்பது வருடமாக மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். அந்த நாள் கணக்கில் இரண்டு உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் ஊர் பூவடிமங்கலம். வலங்கைமானிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். ஊரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உண்டு, அதற்கு நேர் எதிரே என் கடை. இசைவாணி அந்த நிலையத்தில் மருந்தாளுநர். டாக்டர் எழுதிய சீட்டை ஜன்னலில் வாங்கி மாத்திரை எண்ணிக் கொடுப்பது அவள் வேலை. ஆனால் ஜன்னலில் அவளைப் பார்ப்பது அபூர்வம். ஸ்டோரில் இருப்பாள், டாக்டர் மேசை அருகில் இருப்பாள், வரிசையில் நிற்கும் கிழவரிடம் போய் ‘இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டீங்களா, பின்னாடியா?’ என்று குடைந்துகொண்டிருப்பாள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவள் மாதிரி ஒரு நடை. அவள் கணவர் பகலவன் கீழ்வேளூரில் பள்ளி ஆசிரியர், பொறுமைசாலி. ‘ஒரு வேளை சோத்துக்கு மூணு தடவை எந்திரிப்பா பாய், நான் எண்ணியிருக்கேன்’ என்பார்.

வேலையில் சேர்வதற்கு முன் இரண்டு வருடம் அவள் என் கடையில்தான் இருந்தாள். தஞ்சாவூரில் டி.ஃபார்ம் முடித்த கையோடு வந்தவள். அம்மா அம்சம் நடவு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு செட்டுக்கு அவர்தான் தலைவி. அந்தத் தெருவிலிருந்து மருந்து படித்த முதல் பெண் இசைவாணி. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அவள் என் வியாபாரத்தில் கைவைக்கும் வரை.

எங்கள் பக்கத்து மெடிக்கல் கடைகளிலும் ஒரு ‘செட்டு’ உண்டு. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று. பட்டையிலிருந்து கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, ‘மூணு வேளை’ என்று நீட்டிவிடுவோம். டாக்டர் சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது. இந்த வியாபாரத்துக்கு நடுவில்தான் இவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எத்தனை நாளா, மூச்சு வாங்குதா, சுகர் இருக்கா என்று ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்தால் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ‘ஏம்மா, நீ மருந்து குடுக்கிறவளா, போலீஸா?’ என்று கத்துவேன். ‘ரெண்டும்தான் பாய்’ என்பாள். அரசு வேலை கிடைத்து அவள் போனபோது நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பாதி சந்தோஷம், பாதி நிம்மதி.

எதிர்ப்புறம் போன பிறகு அவளுக்கு ஒரு தனி நோட்டு வந்துவிட்டது. அதில் அவள் குறித்து வைத்ததெல்லாம் ஒரே ஒரு மருந்தைப் பற்றி. ஓசெல்டமிவிர் என்று பெயர். ஊரில் பன்றிக்காய்ச்சல் மாத்திரை என்றால்தான் தெரியும். ஃப்ளூ காய்ச்சலுக்கு, அந்த வைரஸை எதிர்த்துக் கொடுக்கும் மாத்திரை. மழைக்காலம் வந்தால் நிலையத்துக்குப் பெட்டியில் வரும். அதை எழுதுவதில் டாக்டருக்கு டாக்டர் ஒரு வழி. பன்றிக்காய்ச்சல் பயம் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் வந்தவர் தும்மியவனுக்கெல்லாம் எழுதினார். அடுத்து வந்தவர் ‘இது தேவையில்லாத பீதி’ என்று ஒருவருக்கும் எழுதவில்லை. பெட்டி பிரிக்காமலே காலாவதியானது. மூன்றாமவர் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் எழுதினார், அதாவது கேட்கத் தெரிந்தவர்களுக்கு. எல்லாரும் எழுதியதை எண்ணிக் கொடுத்தவள் இசைவாணி ஒருத்திதான். வாங்கிப் போனவர் எப்போது எழுந்து நடமாடினார் என்று வீடு தேடிப் போய்க் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் இட்ட வேலை இல்லை அது.

இப்போதிருக்கும் டாக்டர் பரணிதரன். இளைஞர், படிப்பாளி, சாந்தமானவர். போன ஐப்பசியில் இசைவாணியைக் கூப்பிட்டு, இந்த மாத்திரையை வேறு நிலையத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

‘இத்தனை பேருக்குக் குடுத்திருக்கோம். நாலு நாள் கழிச்சு எல்லாரும் அதே இருமலோட திரும்பி வர்றாங்க. ஆராய்ச்சிகள்லயே ஆரோக்கியமானவங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் குறையும்கிற அளவுக்குத்தான் இருக்கு. ஆபத்தான நிலையில இருக்கறவங்களுக்கு வேணும். ஆனா நம்ம ஊர்ல அந்த ஒரு நாள்கூடக் கெடைக்கலையே மேடம்?’

‘ஒரு மாசம் டைம் குடுங்க சார்’ என்றாளாம் இசைவாணி. எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் அவள் எங்களைத் தூங்கவிடவில்லை.

அந்த மாத்திரைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காய்ச்சல் ஆரம்பித்து இரண்டு நாளைக்குள் போட்டால்தான் அது முழுசாக வேலை செய்யும். மடை உடையும்போதே மண்ணைப் போட வேண்டும். வயல் நிரம்பிய பிறகு போட்டால் பெரிதாக என்ன ஆகிவிடும்? இசைவாணிக்கு இது அத்துப்படி. அதனால் ஒவ்வொருவரிடமும் நாளைக் கேட்டுத்தான் கொடுத்திருந்தாள். எல்லாரும் நேற்று என்றார்கள், இல்லாவிட்டால் முந்தாநாள் என்றார்கள். நோட்டில் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் மாத்திரை மட்டும் வேலை செய்யவில்லை.

பதில் அவள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழுந்தது. அன்று காலையில் அம்சத்தின் செட்டிலிருந்து ஒரு பெண் காய்ச்சலோடு வந்து, நேற்று சாயங்காலம்தான் ஆரம்பித்தது என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போயிருந்தாள். மதியம் சோறு போட்டுக்கொண்டே அம்சம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பரிதாபப்பட்டார்.

‘பாவம்டி. நாலு நாளா அனத்திக்கிட்டேதான் நட்டா.’

‘நாலு நாளா? எங்கிட்ட நேத்துன்னு சொன்னாளே!’

‘நேத்துதானே கரையேறுனோம்.’

அம்சத்துக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நடவு செட்டு ஒரு வயலை மொத்தமாகப் பேசித்தான் இறங்கும். ஒருத்தி படுத்துவிட்டால் அவள் பங்கு வரிசையை மற்றவர்கள் குனிந்து நட வேண்டும். அதனால் உடம்பு எப்படிக் கொதித்தாலும் வயல் முடியும்வரை யாரும் காய்ச்சல் என்று வாய் திறக்க மாட்டார்கள். ‘உடம்பு அசதி’ என்பார்கள், என் கடையில் ஒரு செட்டு வாங்கி விழுங்கிவிட்டு இறங்குவார்கள். நட்டு முடித்துக் கரையேறிய அன்றுதான் காய்ச்சல் காய்ச்சலாகிறது. டாக்டர் கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் அது பொய்யும் இல்லை.

இசைவாணி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சைக்கிளை எடுத்தவள், பத்து நாளைக்கு அந்தச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நோட்டில் அந்த மழைக்காலத்துக் கணக்கில் இருந்த நாற்பத்தொரு பேரையும் தேடிப் போனாள். வயல், களம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப். மறுபடியும் நாளைக் கேட்டால் மறுபடியும் அதே பதில்தான் வரும் என்று கேள்வியை மாற்றிக்கொண்டாள்.

‘கடைசியா சோறு எப்பக்கா ருசிச்சுச்சு?’

இதற்கு யாரும் பூசி மெழுகிப் பதில் சொல்வதில்லை. எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்தால்தானே மெழுகுவது? வைரக்கண்ணு வீட்டுக் காதுகுத்துக் கறிதான் கடைசி, அதன் பிறகு வாயெல்லாம் வேப்பங்காய் என்று ஒருத்தி சொல்வாள். காதுகுத்து என்றைக்கு என்று ஊருக்கே தெரியும். நாள் சரியாக வந்து உட்கார்ந்துவிடும். இப்படி நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோதான் மாத்திரையைத் தொட்டிருந்தார்கள்.

‘மீதிப் பன்னெண்டு பேர்?’ என்று கேட்டாராம் டாக்டர்.

‘பெரும்பாலும் வீட்ல மத்தவங்களவிட ஒரு நாள், ஒண்ணரை நாள் முன்னாடி எழுந்திருச்சிருக்காங்க சார். மூணு பேருக்கு வாந்தி வந்ததுதான் மிச்சம்.’

‘இத வச்சு எதையும் நிரூபிக்க முடியாது மேடம்.’

‘தெரியும் சார். திருப்பி அனுப்பறதுக்கும் இது போதாதுல்ல?’

டாக்டர் சிரித்துவிட்டார். பெட்டி இங்கேயே இருந்துவிட்டது. அன்று முதல் அவர் எழுதும் முறையும் மாறியது. தும்மியவர்களுக்கெல்லாம் இல்லை, கர்ப்பிணிகள், சுகர்காரர்கள், மூச்சு இழுப்பு உள்ளவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குக் காய்ச்சலின் முதல் நாளிலேயே. முதல் நாளிலேயே என்றால் அவர்கள் முதல் நாளிலேயே வர வேண்டுமே! அதற்குத்தான் இசைவாணி சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தாள்.

‘பாய், காய்ச்சல்னு வந்தா செட்டு கட்டாதீங்க. எதிர்ல அனுப்புங்க. உங்க மாத்திரையில காய்ச்சல் நாலு மணி நேரம் எறங்குது, அவங்க நல்லாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு வயல்ல எறங்கிடறாங்க. எங்கிட்ட வர்றப்போ நாள் போயிடுது.’

‘ஆகட்டும்மா’ என்றேன். பாதி பேரை அனுப்பினேன். மீதிப் பாதிக்குக் கட்டினேன். கேட்டு வருகிறவனைக் கையை விரித்து அனுப்ப மனசு வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் முறைத்தாள். கடை வாசலில் நின்றபடியே என் வாடிக்கையாளர்கள் நாலு பேரிடம் ருசியைக் கேட்டுவிட்டு, இருவரைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வெட்கமும் வந்தது.

ஃபஹ்மிதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஷார்ஜாவில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுக்கு உடம்பு சுட்டது. நான் கடையிலிருந்து பாராசிட்டமால் கொண்டுவந்து கொடுத்தேன், இறங்கியது. ‘பாத்தியா, ஒண்ணுமில்ல’ என்று என் மனைவி ஷம்சாத்திடம் சொன்னேன். புதன்கிழமை ஏறியது, கொடுத்தேன், இறங்கியது. வியாழக்கிழமை இருமல். ‘எதிர்ல அழச்சிட்டுப் போயி ஒரு எட்டு காட்டிட்டு வந்துடுங்களேன்’ என்று ஷம்சாத் இரண்டு தடவை சொன்னாள். கர்ப்பிணிக்குக் கண்ட மாத்திரையும் கூடாது என்று பெரிய மேதாவி மாதிரி பதில் சொன்னேன். உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கடையில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். எதிர்க்கட்டடத்தின் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அதற்கு மேல் தாங்கவில்லை. வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன்.

வரிசையில் முழுக்க என் வாடிக்கையாளர்கள். பாதிப் பேர் நான் செட்டு கட்டிக் கொடுத்தவர்கள். இசைவாணி எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னலை விட்டு வெளியே வந்தாள். ஃபஹ்மிதாவைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டே கேட்டாள்.

‘எப்ப ஆரம்பிச்சுச்சு பாய்?’

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.

‘நேத்து சாயங்காலத்துலேர்ந்து’ என்றேன்.

நடவுப் பெண்களுக்காவது முடிக்க ஒரு வயல் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? மெடிக்கல் கடைக்காரன் மகளை மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தான் என்று நாலு பேர் பேசக் கூடாது என்ற ஒன்றுதான். ஃபஹ்மிதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தா சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

டாக்டர் பார்த்தார். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து காட்டியது. நேற்று ஆரம்பித்த காய்ச்சல்தானே, உடனே மாத்திரை ஆரம்பிக்கலாம், சாயங்காலம் மறுபடி கூட்டி வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நாளைக் குறைத்ததால் கிடைத்த அப்பாடா அது.

ஜன்னலில் இசைவாணி மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. ஃபஹ்மிதாவின் உதட்டையே பார்த்தாள். தோல் உரிந்து, ஓரத்தில் வெடித்திருந்தது.

‘ஃபஹ்மி, கடைசியா சோறு எப்பம்மா ருசிச்சுச்சு?’

‘திங்கக்கிழமை ராத்திரிக்கா. அம்மா மீன் கொழம்பு வச்சாங்க. செவ்வாக்கிழமையிலேர்ந்து எல்லாம் கசக்குது.’

இசைவாணி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். ‘சார், நாலாவது நாள் சார்!’ என்று அவள் சொன்னது வரிசைக்கே கேட்டது. முதல் நாள் தொண்ணூற்றைந்துக்கும் நாலாம் நாள் தொண்ணூற்றைந்துக்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டர் எனக்கு விளக்கவில்லை. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்க நாலு நாள் கிடைத்திருக்கிறது என்று அவர் முகமே சொன்னது. முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்தார்கள். நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆக்சிஜன் தொண்ணூற்றுக்கு இறங்கியிருந்தது. நேராக ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள்.

அந்த ஐந்து நாளை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தொழுகைக்கு நின்றால் ஓதிய இடம் மறந்துபோனது. மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட்டார்; ‘பரவாயில்ல’ என்று சொல்ல வாய் திறப்பேன், அந்த வார்த்தையே அருவருப்பாக இருக்கும். நர்ஸ் வெளியே வந்தால் முகத்தைப் படிப்பேன். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று கேட்கப் பயந்து ஷம்சாத்தை அனுப்புவேன். டியூட்டி முடிந்து சாயங்காலம் தவறாமல் இசைவாணி பஸ் ஏறி வந்தாள். மூன்றாம் நாள் தாழ்வாரத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் விடவில்லை.

‘நானும் ஏமாந்துட்டேன் பாய். ஊர்ல எல்லார்கிட்டயும் ருசியக் கேட்டேன். உங்ககிட்ட மட்டும் நாளக் கேட்டேன். மெடிக்கல் வச்சிருக்கறவர்தானே, தெரியும்னு விட்டுட்டேன்.’

‘அந்த மாத்திரை இப்ப வேலை செய்யுதாம்மா?’

‘தெரியல பாய். வயித்துல புள்ள இருக்கறப்போ லேட்டானாலும் குடுக்கத்தான் சொல்றாங்க. எழுந்திரிச்சா மாத்திரையாலயா, ஆக்சிஜனாலயா, அவ வயசாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது.’ பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ‘செவ்வாக்கிழமையே போட்டிருந்தா இது வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது. அதையும் சொல்லிடறேன்.’

என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைச் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆறாம் நாள் காலையில் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஷம்சாத் அழுதாள். நானும் அழுதேன். ஃபஹ்மிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் கம்ம, முதல் கேள்வியாக இதைக் கேட்டாள்.

‘அத்தா, அந்த மாத்திரை நம்ம கடையில இருந்துச்சா?’

சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாதுதான். சீட்டு எழுதுகிறவர் எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

‘இருந்துச்சும்மா.’

‘செவ்வாக்கிழமையேவா?’

‘செவ்வாக்கிழமையே. ரெண்டு பட்டை இருந்துச்சு.’

அவள் தலையை ஆட்டினாள். என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ளவில்லை. உருவிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.